ஒரு கட்டி, ஐந்து சமன்பாடு: சுண்டெலியில் பரவல் எம்.ஆர்.ஐ

ஒரு சுண்டெலியின் விலாவில், தோலுக்கடியில் வளர்ந்த கட்டி. அதற்குள் ஒரே ஒரு வொக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கனத்துண்டு. அங்கே நீர் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று மூன்று பேர் கணக்கிடுகிறார்கள். முதலாமவருக்கு 0.70 வருகிறது, அடுத்தவருக்கு 0.61, மூன்றாமவருக்கு 0.51. கருவியும் எலியும் நாளும் ஒன்றே, கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. முதலாமவர் பீ-பெறுமானம் (நீரின் அசைவால் சைகையை எவ்வளவு கடுமையாகக் குறைக்கிறோம் என்ற எண், கீழே விளக்கம் வரும்) 0, 1000 இரண்டையும் வைத்துக் கணக்கிட்டார். இரண்டாமவர் 0, 2000. மூன்றாமவர் 0, 3000. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிருந்துதான் மாதிரியுருக்களை, அதாவது பீ ஏறும்போது சைகை எப்படிக் குறைகிறது என்று சொல்லும் சமன்பாடுகளை, ஒப்பிடும் வேலை தொடங்குகிறது. வன்னியில் புற்றுநோய் என்றதும் அதற்கான மருத்துவமனைகள் உள்ள தெல்லிப்பழை, மகரகம என்ற ஊர்ப்பெயர்கள்தான் முதலில் வாயில் வரும், சுண்டெலியும் 9.4 டெஸ்லா காந்தமும் வராது. ஆனால் இந்த வேலையில் காந்தத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பகுதி சிறியது. மீதியெல்லாம் வளையி பொருத்துவது, இரைச்சலைக் கணக்கில் எடுப்பது, எந்தச் சமன்பாட்டை எப்போது நம்பலாம் என்று தீர்மானிப்பது. பம்பைமடு, அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகங்களில் கணிதமும் கணினியும் படிக்கிற ஒருவர் பைத்தன் ஏற்றிய மடிக்கணினியில் இதைச் செய்யலாம். உயர்தர இணைந்த கணிதத்தில் மடக்கையும் வகையீடும் தெரிந்தவருக்குக் கீழே வருவதில் புரியாதது எதுவும் இருக்காது.

முதலில் அளக்கப்படுவது என்ன என்று பார்ப்போம். நீர் மூலக்கூறுகள் ஓயாமல் எழுமாறாக அசைகின்றன. 37 பாகை செல்சியசில் தூய நீரின் பரவல் குணகம் ஏறத்தாழ 3.0 சதுர மைக்ரோமீற்றர்/மில்லிசெக்கன். (இனி வரும் பரவல் எண்கள் எல்லாம் இதே அலகில்தான்.) கட்டிக்குள் அது 1-ஐச் சுற்றியோ அதற்குக் கீழேயோ நிற்கும். காரணம் கலங்களும் மென்சவ்வுகளும் போடும் தடை. கலங்கள் நெருக்கமாக இருந்தால் எண் குறையும். கலங்கள் செத்து அழுகிய நடுப்பகுதியில் ஏறும். மருந்து வேலை செய்தால், கட்டியின் பருமன் குறையும் முன்பே இந்த எண் ஏறக்கூடும் என்பதால்தான் இதன்மேல் இவ்வளவு ஆசை.

அளக்கும் முறையை 1965-இல் ஸ்டெஸ்கலும் டனரும் தந்தார்கள். ஒரு காந்தப் படித்திறன் துடிப்பைக் கொடுத்துப் புரோத்தன்களுக்கு இடத்துக்கிடம் வேறுபட்ட அவத்தையை ஏற்றுகிறோம். கொஞ்ச நேரம் விட்டு அதே துடிப்பை எதிர்விளைவு வரும்படி மறுபடி கொடுக்கிறோம். இருந்த இடத்திலேயே இருந்த மூலக்கூறின் அவத்தை பழையபடி திரும்பும். நகர்ந்தது திரும்பாது, அதனால் சைகை, அதாவது கருவிக்குக் கிடைக்கும் அளவீடு, குறையும். எவ்வளவு கடுமையாகக் குறைக்கிறோம் என்பதைச் சொல்லும் எண்தான் பீ. அதன் சூத்திரம்: சுழல்காந்த விகிதம், படித்திறன், துடிப்பின் நீளம் மூன்றையும் பெருக்கி வர்க்கிக்க வேண்டும், அதை, இரு துடிப்புகளின் இடைவெளியிலிருந்து துடிப்பு நீளத்தில் மூன்றிலொன்றைக் கழித்து வரும் நேரத்தால் பெருக்க வேண்டும். அலகு செக்கன்/சதுர மில்லிமீற்றர். பீ 1000 என்றால், பரவல் குணகம் 1 ஆக இருக்கும் நீரின் சைகை 2.718 இல் ஒரு பங்காகக் குறையும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இதை எண் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. சுழல்காந்த விகிதம் 2.675 × 10⁸. எலிக் கருவியில் படித்திறன் மீற்றருக்கு 0.3 டெஸ்லா, துடிப்பு 4 மில்லிசெக்கன், இடைவெளி 15 மில்லிசெக்கன் என்று வைப்போம். பெருக்கம் 3.21 × 10⁵, வர்க்கம் 1.03 × 10¹¹, பரவல் நேரம் 13.67 மில்லிசெக்கன். பீ ஏறத்தாழ 1410. இப்போது மனிதருக்கான கருவியில் மீற்றருக்கு 0.04 டெஸ்லாதான் கிடைக்கிறது என்று கொள்வோம். துடிப்பை 20 ஆகவும் இடைவெளியை 40 ஆகவும் நீட்டினால் பீ ஏறத்தாழ 1530. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பீ. ஆனால் முதலாவதில் மூலக்கூறுக்கு 13.7 மில்லிசெக்கன் கிடைத்தது, இரண்டாவதில் 33. பரவல் குணகம் 1 என்றால் முதலாவதில் ஒரு திசையில் சராசரியாக 5.2 மைக்ரோமீற்றர் போகலாம், இரண்டாவதில் 8.2. ஒரு புற்றுக்கலத்தின் விட்டம் 10 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும்போது, 5-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம், சுவரில் முட்டாததற்கும் முட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

பெரும்போக அறுவடை முடிந்த வயலில் பட்டி அடைப்பதை நினைத்தால் இது விளங்கும். அவிழ்த்துவிட்ட மாடும் பட்டிக்குள் நிற்கிற மாடும் முதல் அரை நிமிடத்தில் ஒரே மாதிரித்தான் அசையும். வேலி இருக்கிறதா என்று அந்த அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அவிழ்த்தது எங்கோ போயிருக்கும், பட்டி மாடு பட்டியின் அகலத்துக்குள்தான் நிற்கும். எவ்வளவு நேரம் கழித்துப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் மாடு எவ்வளவு வேகமானது என்று பேசுவதில் பொருளில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் பீ-யை மட்டும் எழுதிவிட்டுத் துடிப்பு நீளத்தையும் இடைவெளியையும் எழுதாமல் விடுவது எனக்குக் கோபம் வரவைக்கிற பழக்கங்களில் ஒன்று. அந்தத் தரவை வைத்து வேறொருவர் மாதிரியுருக்களை ஒப்பிடவே முடியாமல் போகிறது.

இனி சமன்பாடுகள். மிக எளியது ஒற்றை அடுக்குக்குறி: பீ ஏற ஏறச் சைகையின் இயற்கை மடக்கை நேர்கோடாக இறங்கும், சாய்வுதான் தோற்றப் பரவல் குணகம். இரண்டே பரமானங்கள்: தொடக்கச் சைகையும் குணகமும். இரண்டு அளவீடு இருந்தாலே எண் வந்துவிடும் என்பதுதான் இதன் பலம். எதைக் கொடுத்தாலும் எண் வந்துவிடும் என்பது பலவீனம்.

கட்டியில் அந்தக் கோடு நேராக இறங்குவதில்லை, வளைகிறது. 2005-இல் ஜென்சனும் கூட்டாளிகளும் தந்த குர்ட்டோசிஸ் சமன்பாடு அந்த வளைவுக்கு ஓர் எண் கொடுக்கிறது: மடக்கையில் பீ-யின் வர்க்கத்தோடு வரும் ஓர் உறுப்பைக் கூட்டுகிறது. பீயையும் (ஆயிரத்தில்) பரவலையும் பெருக்கி வர்க்கித்து, குர்ட்டோசிசால் பெருக்கி, 6 ஆல் வகுத்தால் வருவதே அந்த உறுப்பு. தொடக்கத்தில் சொன்ன வொக்சலுக்குத் திரும்புவோம். அதன் உண்மையான பரவல் 0.8, குர்ட்டோசிஸ் 0.9 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பீ 1000-இல் மடக்கை −0.8 + 0.096, அதாவது −0.704. பீ 2000-இல் −1.6 + 0.384 = −1.216, இரண்டால் வகுத்தால் 0.61. பீ 3000-இல் −2.4 + 0.864 = −1.536; மூன்றால் வகுத்தால் 0.51. மூவரும் ஒரே வளையியில் வெவ்வேறு நாண்களை வரைந்து சாய்வை எடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சமன்பாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. வர்க்க உறுப்பு ஓரிடத்தில் முந்திக்கொள்ளும். அதற்குப் பிறகு சைகை ஏறத் தொடங்கும். இயற்கையில் இல்லாத காரியம். திரும்பும் இடம், 3-ஐப் பரவலும் குர்ட்டோசிசும் பெருக்கி வருவதால் வகுத்தது: இங்கே 3 ÷ 0.72, அதாவது பீ ஏறத்தாழ 4170. பீ 3000-இல் 0.215 ஆக இருந்த சைகை, 6000-இல் 0.261 ஆக ஏறும் என்று சமன்பாடு சொல்லும். ஆகவே குர்ட்டோசிசைப் பொருத்தும்போது மிக உயர்ந்த பீ அந்தத் திரும்பு புள்ளிக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு வொக்சலிலும் பார்க்க வேண்டும். உயர்ந்த பீ எடுத்தால் கூடுதல் தகவல் கிடைக்கும் என்று நினைத்து 5000 வரை போனவர், நம்ப முடியாத பரவலோடும் குர்ட்டோசிசோடும் திரும்பி வருவதும் உண்டு.

நீட்டிய அடுக்குக்குறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2003-இல் பெனெட்டும் கூட்டாளிகளும் முன்வைத்தது. பீயையும் குணகத்தையும் பெருக்கி, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் அடுக்குக்கு உயர்த்துகிறது. பொருத்தம் நன்றாக வரும், கணினியும் தடுமாறாது. ஆனால் அடுக்கு 1-ஐவிடக் குறைந்தால் பீ பூச்சியத்தில் சாய்வு முடிவிலியாகும். உண்மை நீர் எதுவும் அப்படி நடந்துகொள்ளாது. வளையியை விவரிக்கும் சமன்பாடு என்று ஏற்கலாம். இழையத்தைப் பற்றிப் பேசுகிறது என்று ஏற்பது கடினம்.

ஐவிம் (IVIM) வேறு வகை. 1986-இல் லு பியானும் கூட்டாளிகளும் சொன்னது: வொக்சலுக்குள் இழைய நீர் மட்டுமல்ல, மயிர்த்துளைக்குழாய்களில் ஓடும் குருதியும் இருக்கிறது. வயலுக்குள் நிற்கிற தண்ணீரும் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரும் மாதிரி. ஓடுகிற பங்கின் போலிப் பரவல் இழையத்தின் பரவலைவிடப் பத்து மடங்கு அளவில் பெரியதாக இருப்பதால், சிறிய பீ-யிலேயே அதன் சைகை மறைந்துவிடும். போலிப் பரவல் 10 என்றால் பீ 200-இல் குருதிச் சைகையில் 13.5 வீதம்தான் மிச்சம்; 20 என்றால் 2 வீதத்துக்கும் குறைவு. அதனால்தான் வழக்கமாக இரண்டு படியாகப் பொருத்துவார்கள். முதலில் பீ 200-க்கு மேற்பட்ட புள்ளிகளை மட்டும் எடுத்து இழையப் பரவலைக் கண்டுபிடிப்பது. அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பூச்சியத்தில் வெட்டும் இடத்துக்கும் உண்மையான பூச்சியச் சைகைக்கும் உள்ள இடைவெளியே குருதிப் பங்கு. இந்த இரண்டையும் நிலைநிறுத்திவிட்டு மிச்சத்தில் போலிப் பரவலைத் தேடுவது. நாலு பரமானங்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் இரண்டு பரவல்களும் இடம் மாறிக்கொள்ளும், வரைபடம் உப்பும் மிளகும் தூவினது மாதிரி வரும்.

இதில் ஒரு கணக்கு அடிக்கடி மறக்கப்படுகிறது. குருதிப் பங்கு 5 வீதம், சைகை-இரைச்சல் விகிதம் 20 என்றால், தேடுகிற சைகை மொத்தத்தில் 0.05, இரைச்சலின் நியம விலகலும் 0.05. ஒரு வொக்சலில் போலிப் பரவலை இதிலிருந்து எடுக்க முடியாது. கட்டி முழுவதையும் சராசரி எடுத்தால் ஓரளவு வரும். வொக்சலுக்கு வொக்சல் வண்ணம் பூசிய போலிப் பரவல் வரைபடத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது சைகை-இரைச்சல் விகிதம் எவ்வளவு என்பதுதான்.

கடைசியாக, கலத்தையே வரைந்து பார்க்கும் மாதிரியுருக்கள். இவற்றில் வெர்டிக்ட் (VERDICT) பரவலாக அறியப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பனாயியோட்டாகியும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்டது, மனிதப் பெருங்குடல் புற்றுக்கலங்களைச் சுண்டெலியில் வளர்த்த கட்டிகளில் சோதிக்கப்பட்டது. வொக்சலை மூன்றாகப் பிரிக்கிறது: குருதி, கலத்துக்குள் அடைபட்ட நீர், கலத்துக்கு வெளியே உள்ள நீர். அடைபட்ட நீர் ஒரு கோளத்துக்குள் இருப்பதாகக் கொண்டு அதன் ஆரையைத் தேடுகிறது. போதிய நேரம் கடந்தால் கோளத்துக்குள் அடைபட்ட நீரின் தோற்றப் பரவல், ஆரையின் வர்க்கத்தைப் பரவல் நேரத்தின் ஐந்து மடங்கால் வகுத்தது. ஆரை 5, நேரம் 40 என்றால் 0.125. நேரத்தை 80 ஆக்கினால் 0.0625. நேரத்தை மாற்றாமல் பீ-யை மட்டும் மாற்றினால் இந்த வீழ்ச்சி தெரியவே தெரியாது. ஆரையும் கலப்பங்கும் ஒன்றின் பிழையை மற்றொன்று மூடிக்கொள்ளும். ஆகவே இதற்குக் குறைந்தது மூன்று வெவ்வேறு இடைவெளிகளிலாவது தரவு இருப்பது நல்லது. மென்சவ்வினூடாக நீர் போய்வராது என்று இது எடுத்துக்கொள்வதையும் கவனிக்க வேண்டும். நேரம் நீள நீள அந்த எடுகோள் தளரும். வேலியில் பொட்டு இருந்தால் இரவு முழுக்கக் காத்திருந்து எண்ணின கணக்கு பிழைத்துப்போகும்.

சமன்பாட்டுக்குப் போகுமுன் தரவு கெடும் இடங்களைச் சொல்ல வேண்டும். மாதிரியுரு ஒப்பீட்டில் பாதிப் பிழை அங்கேதான் உருவாகிறது.

எலியின் வெப்பநிலை. மயக்க மருந்தான ஐசோபுளூரேன் 1.5 முதல் 2 வீதத்தில் மயங்கிக் கிடக்கும் சுண்டெலி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. நீரின் பரவல் ஒரு பாகைக்கு 2 வீதத்துக்குச் சற்று மேலே மாறும். 37-இல் தொடங்கி 33-க்கு இறங்கினால் 8, 9 வீதம் போய்விட்டது. மருந்தின் விளைவு என்று தேடுவதும் பல நேரம் அதே அளவுதான். மலக்குடல் வெப்பமானியும் சூடான காற்றோ சுடுநீர்க் குழாயோ இல்லாமல் எடுத்த தரவை ஒப்பிடப் பயனில்லை. பீ-க்களைச் சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசையாக எடுத்தால் உடல் குளிர்வதும் பீ ஏறுவதும் ஒன்றாகச் சேர்ந்து வளைவு போலத் தோன்றும். ஒழுங்கைக் கலைத்து எடுப்பது பாதுகாப்பு.

மூச்சு. விலாக் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும். நிமிடத்துக்கு 40 முதல் 70 மூச்சு என்ற எல்லைக்குள் மயக்கத்தை வைத்து, மூச்சுகளுக்கு இடையே மட்டும் அளக்கும்படி கருவியைப் பூட்ட வேண்டும். அசைவால் இழந்த சைகையைச் சமன்பாடு பரவல் என்றே எடுத்துக்கொள்ளும்.

தோலும் காற்றும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கலையும். விரைவுப் படப்பிடிப்பில் கட்டியின் ஓரம் இழுபட்டுத் தெரியும். கட்டியைச் சுற்றிப் பல்வைத்தியர் அச்செடுக்கப் பயன்படுத்தும் அல்ஜினேற் பசையைப் பூசுவது பழைய தந்திரம், இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

பூச்சியம் என்பது பூச்சியமல்ல. படமெடுக்கும் படித்திறன்களே கொஞ்சம் பரவல் எடையை ஏற்றும். பரவல் துடிப்போடு அவை சேர்ந்து குறுக்குறுப்புகளையும் உண்டாக்கும். நுண்ணிய வொக்சலுக்காக எலிக் கருவியில் வலிமையான படித்திறன் போடுவதால் இது மனிதக் கருவியைவிடக் கூட. புரூக்கர் நிறுவனத்தின் எலிக் கருவியில், அளவீட்டு அமைப்புகளை எழுதி வைக்கும் மெதட் கோப்பில் நீங்கள் கேட்ட பீயும், உண்மையில் கிடைத்த பீயும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதை எடுங்கள். பீ 20, 40 என்று சிறிய எண்களை நம்பியிருக்கும் ஐவிமில் இந்தத் தவறு குருதிப் பங்கையே மாற்றிவிடும்.

படித்திறன் அளவுத்திருத்தத்துக்கு ஐஸ் நீர்க் குழாய் போதும். ஒரு சிறு குழாயில் நீர், அதைச் சுற்றி ஐஸ் கலந்த நீர், முக்கால் மணித்தியாலம் பொறுமை. பூச்சியப் பாகையில் பரவல் 1.1 வர வேண்டும். பீ படித்திறனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் படித்திறன் 5 வீதம் பிழைத்தால் பரவல் 10 வீதம் பிழைக்கும். சித்திரை வெயிலில் ஐஸ் தாக்குப்பிடிக்குமா என்று கேட்பார்கள். ஐஸ் கட்டி ஒன்றாவது மிதக்கும்வரை வெப்பநிலை பூச்சியத்தில்தான் நிற்கும். அந்த அழகுக்காகத்தான் இதைத் தெரிவு செய்கிறார்கள்.

இனி இரைச்சல். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ படத்தில் நமக்குக் கிடைப்பது சிக்கலெண்ணின் மட்டு. அது மறையாக வராது. சைகையே இல்லாத இடத்திலும் சராசரி பூச்சியமாகாமல், நியம விலகலின் 1.25 மடங்கில் நிற்கும். இதுதான் இரைச்சல் தளம். இதன் பரம்பல் ரைசியன் எனப்படும். சைகை-இரைச்சல் விகிதம் 10 என்றால் தளம் 0.125. பரவல் சரியாக 1.0, வளைவே இல்லாத ஒரு திரவத்தை எடுங்கள். பீ 3000-இல் உண்மைச் சைகை 0.05. ஆனால் படத்தில் சராசரியாகத் தெரிவது 0.133. இதை நம்பிக் கணக்கிட்டால் பரவல் 1.0-க்குப் பதில் 0.67. பரவலை 1.0 என்று வைத்துக்கொண்டு குர்ட்டோசிசைக் கேட்டால் 0.66 என்று சொல்லும். கட்டியும் இல்லை, கலமும் இல்லை. குழாய்த் தண்ணீருக்குக் குர்ட்டோசிஸ் வந்துவிட்டது. ஒற்றை அடுக்குக்குறி தோற்று, சிக்கலான மாதிரியுரு வென்றது என்று அறிவிக்கப்படும் வெற்றிகளில் சில இப்படியானவை.

பலமுறை எடுத்துச் சராசரி காணலாமே என்று தோன்றும். மட்டுப் படங்களை நூறுமுறை சராசரி எடுத்தாலும் தளம் அப்படியே நிற்கும், அதன் மேலுள்ள நடுக்கம்தான் குறையும். மட்டு எடுக்குமுன் சிக்கலெண்களாகவே சராசரி எடுக்க வேண்டும். அது முடியாவிட்டால், மட்டின் வர்க்கத்திலிருந்து நியம விலகலின் வர்க்கத்தை இருமுறை கழித்துவிட்டு மூலம் எடுக்கலாம். அல்லது பொருத்தும் சார்பிலேயே ரைசியன் பரம்பலை எழுதலாம். கடைசி வழிதான் சுத்தமானது. நியம விலகலைப் படத்தின் வெறும் மூலையிலிருந்து எடுப்பதானால் அங்கே காணும் விலகலை 0.655 ஆல் வகுக்க மறக்க வேண்டாம். பல சுருள்களிலிருந்து சேர்த்த படமென்றால் இந்த எண்களும் மாறும்.

இவ்வளவும் ஆனபின்தான் ஒப்பீடு. பரமானம் கூடினால் பொருத்தம் எப்போதும் கூடும். நாலு பரமானம் உள்ளது இரண்டு உள்ளதைவிட நெருங்கிப் போவதில் அதிசயம் இல்லை. அக்காய்க்கே 1974-இல் கொடுத்த ஏ.ஐ.சி (AIC) என்ற ஒப்பீட்டு எண், குறைந்தால் நல்லது, ஒவ்வொரு பரமானத்துக்கும் ஓர் அபராதம் போடுகிறது. புள்ளிகள் குறைவாக இருக்கும்போது திருத்தப்பட்ட ஏ.ஐ.சி-யைத்தான் எடுக்க வேண்டும். எலித் தரவில் புள்ளிகள் எப்போதும் குறைவு. அந்த அபராதம் எவ்வளவு கடுமை என்று யாரும் கையால் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்ப்போம்.

பீ எட்டு. இரைச்சலின் மாறற்றிறனையும் ஒரு பரமானமாக எண்ணினால் ஒற்றை அடுக்குக்குறிக்கு 3, குர்ட்டோசிசுக்கு 4, ஐவிமுக்கு 5. அபராதம் முறையே 12, 21.3, 40. ஒற்றையைவிட ஐவிம் வெல்ல வேண்டுமானால், வழுவின் வர்க்கக் கூட்டுத்தொகையை அது 3 வீதமாகச் சுருக்கிக் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட முடியாத காரியம். இப்போது பீ பதினாறு. அபராதங்கள் 8, 11.6, 16. ஐவிம் வழுவை 61 வீதமாகக் குறைத்தாலே சமன். அதே கட்டி, அதே குருதியோட்டம். எட்டுப் புள்ளி எடுத்தவர் “குருதிப் பங்கு தேவையில்லை” என்று எழுதுவார், பதினாறு எடுத்தவர் “தேவை” என்று எழுதுவார். நாலு அங்குலக் கண் வலையைப் போட்டுவிட்டுக் குளத்தில் குஞ்சு மீனே இல்லை என்று சொல்வதைப் போன்றது முதலாவது. எந்த மாதிரியுரு வென்றது என்ற முடிவு இழையத்தைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. எத்தனை பீ, எவ்வளவு இரைச்சல், எந்தப் பரவல் நேரம் என்பதைப் பற்றிய செய்தியும்கூட. ஒரு கட்டுரையின் முடிவை இன்னொரு கருவிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாததற்குக் காரணம் இதுதான்.

பதினாறு பீ என்றால் நடைமுறையில் இப்படி எடுக்கலாம்: 0, 20, 40, 60, 80, 100, 150, 200, 400, 600, 800, 1000, 1300, 1600, 2000, 2500. பூச்சியம் தவிர மற்றவற்றை மூன்று செங்குத்துத் திசைகளில் எடுத்து, மடக்கையில் சராசரி காண வேண்டும். மொத்தம் 46 படம். நாலு துண்டாக எடுக்கும் விரைவுப் படப்பிடிப்பில், துண்டுக்கு 3 செக்கன் வீதம், ஒரு சுற்றுக்கு 9 நிமிடம். நாலு சுற்று 37 நிமிடம். மூச்சுக்குப் பூட்டினால் இன்னும் நீளும். மயக்கத்தில் கிடக்கும் எலிக்கு இது கனதியான நேரம். வெர்டிக்ட்டுக்குத் தேவையான கூடுதல் இடைவெளிகளையும் இதே அமர்வில் திணிக்க நினைத்தால் எலிக்கும் ஆகாது, தரவுக்கும் ஆகாது.

பொருத்தும்போது சில பழக்கங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். மடக்கை எடுத்து இழிவு வர்க்க முறையில் பொருத்துவது உயர் பீ-யின் இரைச்சலைப் பெரிதாக்கும்; அதைத் தொடக்கப் பெறுமானம் எடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு சைகையிலேயே பொருத்துங்கள். ஒவ்வொரு வொக்சலிலும் இருபது எழுமாற்றுத் தொடக்கங்களிலிருந்து தேடி, மிகக் குறைந்த வழுவை எடுங்கள். எல்லைகள் போடுங்கள்: பரவல் 0.05 முதல் 3 வரை, குர்ட்டோசிஸ் 0 முதல் 3 வரை, போலிப் பரவல் இழையப் பரவலைவிடப் பெரிதாகவே இருக்கும்படி. பிறகு, எத்தனை வொக்சலில் விடை எல்லையிலேயே போய் ஒட்டிக்கொண்டது என்று எண்ணுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒட்டியிருந்தால், அந்தப் பரமானத்தைத் தரவு தாங்கவில்லை. சராசரியை அறிக்கையில் எழுதக் கூடாது. பத்தாயிரம் வொக்சல், ஐந்து சமன்பாடு, இருபது தொடக்கம் என்றால் பத்து இலட்சம் பொருத்தம். ஒன்றுக்கு 2 மில்லிசெக்கன் என்றாலும் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே. ஒவ்வொரு வெட்டுமுகமும் முடிந்ததும் கோப்பில் எழுதி வையுங்கள், மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

வழுவின் வரைபையும் பாருங்கள். ஏ.ஐ.சி ஐந்து மோசமான மாதிரியுருக்களில் குறைந்த மோசமானதைத் தெரிவுசெய்துவிட்டு அமைதியாக இருக்கும். மிச்ச வழு பீ-யோடு சேர்ந்து மேலும் கீழுமாக அலைபோல் வந்தால் ஐந்துமே பிழை, அல்லது தரவு பிழை. அத்தோடு கட்டியின் உயிருள்ள ஓரத்தையும் அழுகிய நடுவையும் பிரித்துப் பாருங்கள். நடுவில் பரவல் உயர்ந்து வளைவு குறைவாக இருப்பதால் ஒற்றை அடுக்குக்குறியே அங்கே போதுமானதாக வரலாம். ஓரத்தில் குர்ட்டோசிசோ ஐவிமோ வெல்லலாம். கட்டி முழுவதற்கும் ஒரே வெற்றியாளரை அறிவிப்பதைவிட, வொக்சல் வாரியாக யார் வென்றது என்று வண்ணம் பூசி, பக்கத்தில் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையவெட்டை வைப்பது கூடுதல் விடயத்தைச் சொல்லும். இழையவெட்டு பதப்படுத்தும்போது சுருங்கும், எம்.ஆர்.ஐ-யில் எடுத்த கல ஆரையை நுணுக்குக்காட்டியின் ஆரையோடு நேராக ஒப்பிட முடியாது. வெட்டின் தளம் படத்தின் தளத்தோடு ஒத்திருக்க, எலி காந்தத்துக்குள் இருக்கும்போதே தோலில் குறியிட்டு வைக்க வேண்டும்.

நன்றாகப் பொருந்துவதும் பயன்படுவதும் ஒன்றல்ல. அதே எலியை மறுநாள் அதே மாதிரி அளந்தால் அந்தப் பரமானம் எவ்வளவு மாறுகிறது? மருந்து 10 வீதம் மாற்றுகிறது, மறுநாள் அளவீடே 15 வீதம் அசைகிறது என்றால், ஏ.ஐ.சி-யில் எத்தனை புள்ளி வென்றாலும் அந்தப் பரமானம் மருந்தைக் காட்டாது. தோற்றுப்போன ஒற்றை அடுக்குக்குறியின் குணகம் 4 வீதம்தான் அசைகிறதென்றால் என் வாக்கு அதற்குத்தான். மாதிரியுருவாகப் பிழையானது, அளவுகோலாக நம்பகமானது.

எலித் தரவைத் திறக்குமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு மாலை போதும். ஐந்து சமன்பாடுகளாலும் தனித்தனியே போலித் தரவை உருவாக்குங்கள், உங்கள் கருவியின் பீ-க்களோடு, உங்கள் இரைச்சலை ரைசியனாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் வொக்சல். பிறகு எதையும் அறியாதவர் போல ஐந்தையும் ஐந்திலும் பொருத்தி, எதிலிருந்து வந்த தரவுக்கு எது எத்தனை முறை வென்றது என்று ஐந்துக்கு ஐந்து அட்டவணை போடுங்கள். மூலைவிட்டத்தில் 900-க்கு மேல் இருந்தால் உங்கள் ஒப்பீடு பேசத் தகுதியானது. குர்ட்டோசிஸ் தரவின் நிரையில், அதன் சொந்த நிரலில் 480-உம் நீட்டிய அடுக்குக்குறியின் நிரலில் 450-உம் வந்தால், அந்த இரண்டையும் உங்கள் பீ-க்களால் பிரித்தறிய முடியாது. இரண்டில் எது வென்றது என்ற வரியைக் கட்டுரையில் எழுதாமல் விட்டு, பீ பட்டியலைத் திருத்திவிட்டு மறுபடி ஓட விடுங்கள்.